நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது?

நீரின் கொதிநிலை எவ்வளவு என்று கேட்டால், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விடை சொல்லிவிடுவீர்கள். நூறு டிகிரி சென்டிகிரேட். ஒரு மதிப்பெண் கேள்வி. ஒரு மதிப்பெண் நிச்சயம்.

சரி, உங்களில் யார் அதை அளந்து பார்த்தீர்கள்?

நீங்கள் நத்தத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேற்கே சிறுமலை, வடக்கே கரந்தமலை, ஊரைச் சுற்றி மாந்தோப்பும் புளிய மரங்களும். வீட்டு அடுப்பில் நீர் தளதளவென்று கொதிக்கிறது. பள்ளியிலிருந்து கேட்டு வாங்கி வந்த வெப்பமானியை அதில் பிடிக்கிறீர்கள். (தாத்தா காலத்துப் பாடநூலில் இதற்கு உஷ்ணமானி என்று பெயர்.) பாதரசம் ஏறுகிறது, ஏறுகிறது, 99-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. நூறைத் தொடவில்லை.

அதே வெப்பமானியை எடுத்துக்கொண்டு திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்குப் பஸ் ஏறுங்கள். அரை நாள் பயணம். அங்கே ஓர் அடுப்பில் நீரைக் கொதிக்க வையுங்கள். இப்போது பாதரசம் 93-க்கு அருகிலேயே நின்றுவிடும். விறகை அள்ளி அள்ளிப் போட்டாலும் நீர் வேகமாக ஆவியாகுமே தவிர, பாதரசம் ஒரு கோடுகூட மேலே ஏறாது.

காரணம் எளிது. நீர் கொதிப்பது என்றால், நீருக்குள்ளேயே நீராவிக் குமிழிகள் உண்டாகி, மேலே உள்ள காற்றின் அழுத்தத்தை எதிர்த்து விரிந்து வெளியேறுவது. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. எதிர்ப்பு குறைவாக இருப்பதால் குமிழிகள் குறைந்த வெப்பநிலையிலேயே வெளியேறிவிடுகின்றன. தோராயமாக 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மலையில் பருப்பு வேக நேரமாவதும், அங்கே பிரஷர் குக்கர் இல்லாமல் சமைப்பது பெரும்பாடாக இருப்பதும் இதனால்தான்.

ஆக, நூறு டிகிரி என்பது கடல் மட்டத்து விடை. இதை உங்கள் பாடநூலும் ஒரு மூலையில் சொல்லியிருக்கும். அந்த மூலையை எத்தனை பேர் படித்தோம்?

இந்தக் கேள்விக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் தொடர்பு உண்டு. கொடைக்கானலில் 1901-ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதிரிமார்கள் தங்கள் குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பணிபுரிந்த அமெரிக்கர்கள், கோடைக்காலச் சூட்டுக்கும் நோய்களுக்கும் அஞ்சி, 1845-ஆம் ஆண்டிலேயே அந்த மலையில் வீடு கட்டிக் குடியேறத் தொடங்கியிருந்தார்கள். பிள்ளைகளைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புவதைவிட மலையிலேயே படிக்க வைப்பது நல்லதென்று பட்டது. ‘ஹைகிளர்க்’ என்ற பெயரில் பல பத்தாண்டுகள் நடந்த அந்தப் பள்ளி அமெரிக்கப் பாடத்திட்டத்தைப் பின்பற்றியது. பின்னர்ப் பல நாட்டு மாணவர்களுக்கும் உரியதாகி, 1976-இல் உலகளாவிய பாடத்திட்டமான ஐ.பி.யை இந்தியாவில் முதன்முதலாகத் தொடங்கியது. 1985-இல் மதுரை மாவட்டத்திலிருந்து திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தபோது, நத்தமும் கொடைக்கானலும் புதிய மாவட்டத்தில் சேர்ந்தன. அதாவது, நத்தம் சமவெளியில் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவரும் மலைமேல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் படித்தவரும் ஒரே மாவட்டத்துக்காரர்கள்!

இந்த இருவகைப் பள்ளிகளிலும் 1950-களில் ஒரு மாணவன் என்ன படித்தான், எப்படிப் படித்தான்? நம்முடையதை முதலில் பார்ப்போம். அன்றைய சென்னை மாநிலத்தில் பள்ளிப் படிப்பு பதினோரு ஆண்டுகள். ஆறாம் வகுப்பை முதல் ஃபாரம் என்பார்கள். பதினோராம் வகுப்பு ஆறாவது ஃபாரம். முடிவில் மாநிலம் முழுவதற்கும் ஒரே பொதுத் தேர்வு. எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். மணி அடித்தால் ஆசிரியர் மாறுவார். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது ஊர் ஊராகப் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1956-இல் மதிய உணவும் வந்தது. அதற்கு முன் பள்ளி வாசலையே மிதித்திராத வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்து உட்கார்ந்த காலம் அது. பள்ளிக்கு ஒரு கட்டடமும் ஓர் ஆசிரியரும் கிடைப்பதே பெரிதாக இருந்தபோது, சோதனைக்கூடத்தைப் பற்றிப் பேச யாருக்கு நேரம் இருந்திருக்கும்?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி வேறு மாதிரி. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வகுப்புகள். அங்கே ஆசிரியர் தம் அறையில் இருப்பார். மணி அடித்தால் மாணவர்கள்தாம் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக ஓடுவார்கள். நாடு முழுவதற்குமான பொதுத் தேர்வு கிடையாது. பாடங்களில் சில கட்டாயம், பல விருப்பம். ஆங்கிலமும் வரலாறும் தவிர, தட்டச்சு, மர வேலை, சமையல், கார் ஓட்டுவது என்று எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். விஞ்ஞானத்தில் பத்தாம் வகுப்பில் உயிரியல், பதினொன்றில் ரசாயனம், பன்னிரண்டில் பௌதிகம் என்பது வழக்கமான வரிசை. ஆண்டுக்கு ஒரு பாடம்!

ஒரு பாடத்தில் ஓராண்டில் 120 மணி நேரம் வகுப்பில் இருந்து தேறினால் ஓர் அலகு. இப்படிப் பதினாறு அலகு அளவில் சேர்த்தால் பள்ளிப் படிப்பு முடிந்தது. இதற்குக் கார்னெகி அலகு என்று பெயர். இதன் பிறப்பு ஒரு வேடிக்கை. கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுப்பதற்காகக் கார்னெகி அறக்கட்டளை 1906-ஆம் ஆண்டில் ஓர் ஏற்பாடு செய்தது. எது உண்மையான கல்லூரி என்று முடிவு செய்யவேண்டுமே! பள்ளியில் இத்தனை அலகு படித்தவர்களை மட்டும் சேர்க்கும் கல்லூரிக்கே ஓய்வூதியம் என்று அறிவித்தது. கல்லூரிகள் பள்ளிகளை நெருக்கின. பள்ளிகள் கால அட்டவணையை மாற்றின. பேராசிரியர் தாத்தாக்களின் ஓய்வூதியம் பள்ளிப் பிள்ளைகளின் மணியை அடித்தது.

நம் முறை தேர்வை எண்ணியது. அவர்கள் முறை வகுப்பில் உட்கார்ந்த மணிகளை எண்ணியது. மாணவனிடம் ஒரு வெப்பமானியைக் கொடுத்தால் சரியாகப் படித்துச் சொல்வானா என்பதை இரண்டுமே கேட்கவில்லை.

அமெரிக்கப் பள்ளி என்றதும் பளபளப்பான சோதனைக்கூடம் உங்கள் மனக்கண்ணில் வந்திருக்கும். பணக்காரப் பட்டணத்துப் பள்ளிகளில் அதுவும் இருந்தது. ஆனால் 1954-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கும் வரை, தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகள் தனிப் பள்ளியில்தான் படிக்கவேண்டும் என்பது சட்டம். தீர்ப்புக்குப் பின்னும் பல ஆண்டுகள் அந்த நிலை நீடித்தது. அந்தப் பள்ளிகளுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் வெள்ளையர் பள்ளிகள் படித்துக் கழித்த பழைய புத்தகங்கள். ஆகவே ‘அமெரிக்க உயர்நிலைப் பள்ளி’ என்று ஒன்றைச் சொல்லும்போது, எந்தப் பள்ளி என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும்.

நல்ல பள்ளியிலும் பௌதிகப் பாடம் எப்படி இருந்தது? புத்தகம் தடிமனாக இருந்தது. குளிர்பதனப் பெட்டி, கார் எஞ்சின், ரேடியோ, ஆகாய விமானம் என்று பொருள்களின் படங்களும் விளக்கங்களும் நிறைந்திருந்தன. ஒவ்வொன்றும் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லியிருந்தது. ‘இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இது சரிதான் என்று எப்படித் தெரியும்?’ என்பதற்கு மட்டும் இடம் குறைவு. பரிசோதனை என்பது முன்பே தெரிந்த விடையைச் சரிபார்ப்பது. மாணவர் பலர் அந்தப் பாடத்தின் பக்கமே போகவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவரும் ரசாயன அறிஞருமான ஜேம்ஸ் கொனன்ட், பல பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து 1959-இல் ஒரு நூல் வெளியிட்டார். திறமையுள்ள மாணவிகள் பலர் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் பாதியில் விட்டு விலகுவதை அதில் எடுத்துக்காட்டினார். விருப்பப் பாடம் என்ற சுதந்திரத்துக்கு அப்படியும் ஒரு விலை.

மாற்றத்தைத் தொடங்கியவர் ஜெரால்டு சக்கரையாஸ் என்ற பௌதிக அறிஞர். இரண்டாம் உலகப் போரில் ராடார் ஆராய்ச்சியில் ஈடுபட்டவர். பின்னர் சீசியம் அணுக் கடிகாரத்தைச் செய்து காட்டியவர். அணுக்களோடு பழகிய ஒருவர் பள்ளிப் பாடநூலைத் திறந்து பார்த்தார். 1956-ஆம் ஆண்டு மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியர்களையும் பள்ளி ஆசிரியர்களையும் கூட்டி ஒரு குழு அமைத்தார். பி.எஸ்.எஸ்.சி. என்ற சுருக்கப் பெயரால் அது உலகெங்கும் அறியப்பட்டது.

மறு ஆண்டு, 1957 அக்டோபர் 4-ஆம் நாள், சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை வானில் ஏவியது. 83.6 கிலோ எடையுள்ள ஓர் உலோகப் பந்து. அது ‘பீப், பீப்’ என்று ஒலித்ததைக் கேட்டு அமெரிக்கா திடுக்கிட்டது. நம் பள்ளிகளில் என்ன கற்பிக்கிறோம் என்று அங்கே வீட்டுக்கு வீடு பேச்சு. 1958-இல் விஞ்ஞானம், கணிதம், அயல்மொழிக் கல்விக்குப் பணம் ஒதுக்கும் சட்டம் நிறைவேறியது. ஸ்புட்னிக்கினால்தான் புதிய பாடத்திட்டமே வந்தது என்று பலர் எழுதுவார்கள். அது சரியன்று. குழு ஓராண்டுக்கு முன்பே வேலையைத் தொடங்கியிருந்தது. ஸ்புட்னிக் பணப்பையின் வாயைத் திறந்தது.

பி.எஸ்.எஸ்.சி. பாடநூல் 1960-இல் வெளிவந்தது. அதில் குளிர்பதனப் பெட்டியைத் தேடினால் கிடைக்காது. இருந்தவை காலம், இடம், அலை, விசை, அணு. சாதனங்களோ, பார்த்தால் சிரிப்பு வரும்படி எளியவை. கண்ணாடி அடித்தட்டுப் போட்ட ஒரு தட்டில் ஒரு விரல் ஆழத்துக்கு நீர். மேலே ஒரு விளக்கு. கீழே வெள்ளைத் தாள். நீரில் விரல் நுனியால் தொட்டால் அலையின் நிழல் வட்டம் வட்டமாகத் தாளில் விரியும். இரண்டு விரலால் தொட்டால் இரண்டு வட்டங்களும் ஒன்றையொன்று ஊடுருவி, சில கோடுகளில் அலையே இல்லாமல் நீர் அசையாது நிற்கும். அலையும் அலையும் சேர்ந்து அமைதி! ஒளியும் இப்படித்தான் நடந்துகொள்கிறது என்று அடுத்த அதிகாரத்தில் படிக்கும்போது, மாணவன் அதை ஏற்கெனவே கண்ணால் பார்த்தவன்.

இன்னொன்று, மின்சார மணியின் நாக்கைக் கொண்டு செய்த கால அளவி. மணியின் நாக்கு ஒரே சீராக அடிக்கும். அதன் கீழே கார்பன் தாளும் ஒரு காகித நாடாவும். நாடாவை ஓடும் வண்டியில் ஒட்டிவிட்டால், வண்டி போகப் போக நாடாவில் புள்ளிகள் விழும். வண்டி மெல்லப் போனால் புள்ளிகள் நெருங்கியிருக்கும். வேகம் கூடினால் விலகும். முடுக்கம் என்ற சொல்லை மனப்பாடம் செய்யுமுன் அதை ஓர் அடிக்கோல் வைத்து அளந்துவிடலாம்.

பாடத்துக்காகத் திரைப்படங்களும் எடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது, டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஹியூம், ஐவி இருவரும் 1960-இல் நடித்த படம். ஒருவர் நேராகவும் மற்றவர் தலைகீழாகவும் இருந்துகொண்டு, ‘நீதான் தலைகீழாக இருக்கிறாய்’ என்று ஒருவரையொருவர் குறை சொல்லுவார்கள். யார் சொல்வது சரி என்பது நீங்கள் எங்கே நின்று பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சார்பியக்கத்தை இதைவிடச் சுவையாகக் கற்பித்தவர்களை நான் கண்டதில்லை.

இவ்வளவும் நல்லதுதான். விளைவு? ஓரளவே. பாடம் கடினமாக இருந்தது. பௌதிகத்தில் முன்பே ஆர்வமுள்ளவர்கள் மகிழ்ந்தார்கள். மற்றவர்கள் இன்னும் விலகினார்கள். பௌதிகம் படிப்பவர் தொகை பெருகும் என்ற நம்பிக்கை பலிக்கவில்லை. தாமே ஒருமுறைகூட அலைத் தட்டில் விரல் வைத்துப் பார்க்காத ஆசிரியர், புதிய புத்தகத்தையும் பழைய புத்தகம்போல் வரிக்கு வரி ஒப்புவிக்கச் செய்தார். சக்கரையாஸ் குழு நினைத்ததைவிட, புத்தகத்தை மாற்றுவது எளிது. வகுப்பை மாற்றுவது அரிது.

அந்தக் காற்று இந்தியாவிலும் வீசியது. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு 1961-இல் அமைந்தது. 1963 முதல், அமெரிக்க உதவியோடு, விஞ்ஞான ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறைப் பயிற்சி முகாம்கள் நடந்தன. புதிய பாடத்திட்டச் சாதனங்களை நம் ஆசிரியர்கள் அங்கே கையாண்டு பார்த்தார்கள். ஜூன் மாதம் பள்ளிக்குத் திரும்பினால்? அதே கரும்பலகை, அதே பொதுத் தேர்வு.

அந்தத் தடையை உடைத்துப் பார்த்த ஒரு முயற்சி மத்தியப் பிரதேசத்தில் நடந்தது. 1972-இல் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது. கிராமத்துப் பிள்ளைகள் நான்கு நான்கு பேராகச் சேர்ந்து பரிசோதனை செய்வார்கள். கையில் இருந்த புத்தகம் விடையைச் சொல்லாது. என்ன செய்து பார்க்கவேண்டும் என்று மட்டும் சொல்லும். தேர்விலும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம்! விடைதான் அதில் இல்லையே. செய்முறைத் தேர்வும் உண்டு. நூற்றுக்கணக்கான அரசுப் பள்ளிகளுக்குப் பரவி முப்பது ஆண்டுகள் நடந்த அந்தத் திட்டம், மாநில அரசின் முடிவால் 2002-இல் நின்றது. என்னைக் கேட்டால், அமெரிக்கக் குழு செய்யத் தவறியதை இவர்கள் செய்தார்கள். புத்தகத்தோடு தேர்வையும் மாற்றினார்கள்.

தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலை வகுப்புகள் வந்தன. அதுவரை பதினோராம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்புப் படித்தார்கள். இப்போது பள்ளியிலேயே பன்னிரண்டு ஆண்டுகள். அதனோடு பௌதிக, ரசாயனச் சோதனைக்கூடங்களும் செய்முறைத் தேர்வும் பள்ளிக்குள் வந்தன. இயற்பியல், வேதியியல் என்ற புதிய பெயர்கள் நிலைத்தன. கூடவே வந்தது ரெக்கார்டு நோட்டு.

அந்த நோட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தனி ஊசல் சோதனை. புவிஈர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு 981 வரவேண்டும் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். ஆகவே எல்லோருடைய ஊசலும் 981-ஐக் காட்டும். நூல் எவ்வளவு நீளமானாலும், எண்ணும்போது ஒன்றிரண்டு அலைவுகள் தவறினாலும் 981. சென்ற ஆண்டு அக்காவின் நோட்டிலும் 981. இதில் ஒரு சிறு சங்கடம் என்னவென்றால், பூமி முழுதும் ஒரே மதிப்பு கிடையாது. துருவத்தில் அதிகம், நிலநடுக்கோட்டருகே குறைவு. திண்டுக்கல் வட்டாரம் ஏறக்குறைய பத்தாவது அட்சரேகையில் இருக்கிறது. இங்கே அது வினாடிக்கு வினாடி 978 செ.மீ.யை ஒட்டியது. கவனமாகப் பரிசோதனை செய்து 978 என்று எழுதிய மாணவி, அடுத்த பெஞ்சுக்காரரைப் பார்த்து அதை அழித்துவிட்டு 981 என்று திருத்தியிருப்பாளோ என்று நினைத்தால் மனம் வலிக்கிறது.

கொடைக்கானலில் நீரைக் கொதிக்க வைத்துவிட்டு நோட்டில் நூறு என்று எழுதுவதும் அதே வகை.

இனி உங்கள் முறை. பி.எஸ்.எஸ்.சி. மாணவர்கள் செய்த கருவிகளில் ஒன்றை நத்தத்திலோ வேறு எந்த ஊரிலோ நீங்களே ஒரு மாலையில் செய்துவிடலாம். ஸ்ட்ரா தராசு. மிகமிகச் சிறிய எடையையும் இது நிறுக்கும்.

குளிர்பானம் உறிஞ்சும் காகித ஸ்ட்ரா ஒன்று எடுங்கள். அதன் ஒரு முனைத் துளைக்குள் இறுக்கமாகப் பொருந்தும் சிறு திருகாணியைப் பாதி வரை திருகுங்கள். மறுமுனையில் மேல் பாதியை ஒன்றரை செ.மீ. நீளத்துக்குக் கத்தரியால் வெட்டி எடுத்துவிடுங்கள். அது சிறு கரண்டிபோல ஆகும். இப்போது ஸ்ட்ராவை விரல்மேல் வைத்து, எந்த இடத்தில் சமநிலையில் நிற்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் ஒரு தையல் ஊசியைக் குறுக்கே குத்துங்கள். நட்ட நடுவில் குத்தக் கூடாது; நடுவைவிடச் சற்று மேலே குத்த வேண்டும். ஒரே உயரமுள்ள இரண்டு டம்ளர்களை ஒரு செ.மீ. இடைவெளியில் நிறுத்தி, ஊசியின் இரு பக்கமும் அவற்றின் விளிம்பில் தங்கும்படி வையுங்கள். ஸ்ட்ரா இடைவெளியில் மேலும் கீழும் ஆடும். திருகாணியை இம்மி இம்மியாகத் திருகினால், கரண்டி முனை சற்றே உயர்ந்து நிலைக்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்! இல்லாவிட்டால் நாள் முழுதும் அது ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

கரண்டி முனைக்குப் பின்னால் ஓர் அட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, முனை நிற்கும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். அது பூச்சியம்.

எடைக் கற்களுக்கு எங்கே போவது? நகல் எடுக்கும் கடையில் உள்ள தாள் கட்டைப் பாருங்கள். அதில் ‘80 ஜி.எஸ்.எம்.’ என்று அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் தாள் 80 கிராம் என்பது அதன் பொருள். ஒரு சதுர மீட்டரில் பத்தாயிரம் சதுர சென்டிமீட்டர். எனவே ஒரு சதுர செ.மீ. துண்டின் எடை 8 மில்லிகிராம். அதைக் கரண்டியில் வைத்தால் முனை இறங்கும். அங்கே 8 என்று கோடு. துண்டைப் பாதியாக வெட்டினால் 4, அதையும் பாதியாக்கினால் 2. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. இப்போது உங்கள் கையில் ஒரு கிராமின் ஐந்நூறில் ஒரு பங்கை நிறுக்கும் தராசு இருக்கிறது.

ஒன்றை யோசியுங்கள். ஒரு துண்டு வைத்ததும் ஸ்ட்ரா முழுவதுமாகச் சாய்ந்து விழாமல், கொஞ்சம் சாய்ந்து ஏன் நிற்கிறது? ஊசியைச் சற்று மேலே குத்தச் சொன்னதில் இருக்கிறது சூட்சுமம். ஸ்ட்ராவின் ஈர்ப்பு மையம் ஊசிக்குக் கீழே இருப்பதால், அது ஒரு ஊசல்போலத் திரும்பி வரப் பார்க்கிறது. ஊசியை இன்னும் மேலே குத்தினால் என்ன ஆகும், கீழே குத்தினால் என்ன ஆகும்? வேறு ஸ்ட்ராக்கள் இருக்கின்றனவே, குத்திப் பாருங்கள்.

இனி நிறுக்க வேண்டிய பொருள். புளிய மரத்தடிக்குப் போய் ஓர் இலைக்காம்பைப் பறியுங்கள். அதில் இரு வரிசையாக அடுக்கியிருக்கும் சிற்றிலைகளில் ஒன்றைக் கிள்ளிக் கரண்டியில் வையுங்கள். அதன் எடை என்ன? நான் சொல்லப்போவதில்லை, எந்தப் பாடநூலிலும் நீங்கள் அதைத் தேடிக் காணப்போவதும் இல்லை. அதே இலையை இரண்டு நாள் நிழலில் உலர வைத்து மறுபடி நிறுங்கள். குறைந்த எடை எங்கே போயிற்று? மாவிலையில் ஒரு சதுர செ.மீ. வெட்டி எடுத்து, தாளின் ஒரு சதுர செ.மீ.யோடு ஒப்பிடுங்கள். இறந்து கிடக்கும் எறும்பு ஒன்றையும் நிறுங்கள். பக்கத்து வீட்டு நண்பன் வேறு எடை சொன்னால் சண்டை வேண்டாம். இருவரும் தராசுகளை மாற்றிக்கொண்டு நிறுத்துப் பாருங்கள்.

கொதிநிலையை அளக்க விரும்புவோருக்கு இரண்டு எச்சரிக்கைகள். வீட்டில் காய்ச்சலுக்கு வைத்திருக்கும் தெர்மாமீட்டரைக் கொதிநீரில் வைக்கக் கூடாது, அது உடைந்துவிடும். சோதனைக்கூட வெப்பமானியைப் பயன்படுத்துங்கள். பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். குமிழி பாத்திரத்தின் அடியில் தொடாமல், நீரின் நடுவில் இருக்கும்படி பிடிக்கவேண்டும். வெப்பமானியே பொய் சொல்லலாம். ஆகவே முதலில் உடைத்த பனிக்கட்டியும் நீரும் கலந்த டம்ளரில் வைத்து அது பூச்சியம் காட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு டிகிரி கூடவோ குறையவோ காட்டினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை ஊரில் உறவினர் யாராவது இருந்தால் அடுத்த விடுமுறையில் அங்கேயும் அளவெடுங்கள்; சிறுமலைக்குப் போகிறவர்கள் அங்கேயும் எடுக்கலாம். இடம், தேதி, நேரம், வெப்பமானி காட்டிய எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். எழுதியபின் அழிக்காதீர்கள். தவறென்று தோன்றினால் அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் புதிய எண்ணை எழுதுங்கள். பழைய எண்ணும் படிக்கும்படி இருக்கட்டும்.